காரணம் என்ற கட்டம்

அட்டைக்குப் பெயர் வேணுமாம்.
"குட்டியின்ர பேர் என்ன?" என்றாள் மேசையில் இருந்த பிள்ளை.
வீட்டுக்கு வந்து ஒன்பது நாள்.
கடியாத, இஞ்ச வா, சத்தம் போடாத
என்ற மூன்று பெயரில்தான் கூப்பிட்டிருந்தோம்.
மடியில், துவாய்க்குள்,
பிழிய மறந்த தலையணை உறை மாதிரிக் கிடந்தது.
"வண்டு எண்டு எழுதுங்கோ."
சாகப்போவதற்குப் பெயர் வைக்கிறேனா
பெயர் வைத்தால் சாகாது என்று நினைக்கிறேனா,
தெரியவில்லை.

முதலில் வாந்தி. பிறகு அந்த மணம்,
துருவும் அழுகலும் கலந்தது,
உடுப்பு மாற்றினாலும் போகாதது.
பார்வோ என்றார் டொக்டர்.
சின்ன வெள்ளைத் தட்டில்
இரண்டு சிவப்புக் கோடு காட்டினார்.
முந்தி ஒருக்கா எனக்கு
இரண்டு கோடு சந்தோசமாய் இருந்திருக்கிறது.
அதுவும் நிலைக்கவில்லை.
அதை அங்கே சொல்லவில்லை.

"அரைவாசிக்கு அரைவாசி" என்றார்.
பிறகு கணக்கு.
சேலைன் நாளுக்கு இவ்வளவு, ஊசி இவ்வளவு.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
ஐஸ்பெட்டிக்குள் வரவேண்டிய மருந்து ஒன்று.
அதன் விலையை மட்டும் வாயால் சொல்லாமல்
கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.

இவர் வெளியில், பலாலி வீதி வெயிலில்,
ஸ்கூட்டியோடு நின்றார்.
"அந்தக் காசுக்கு நல்ல சாதிக்குட்டி ரெண்டு வாங்கலாம்."
கணக்குப் பிழையில்லை.
கோண்டாவில் வாய்க்காலுக்குள் இருந்து இதைத் தூக்கி
சேட்டுப் பொக்கெற்றில் மூக்கு வெளியே தெரியக்
கொண்டுவந்தவரும் இவர்தான்.
நான் ஞாபகப்படுத்தவில்லை.
கொஞ்சநேரத்தில் ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு
தானே உள்ளே வந்து
அதன் காதைத் தொட்டார்.
"குளிருது" என்றார், என்னைப் பாராமல்.

எனக்கு வேலை வங்கியில், அடைவுப் பிரிவில்.
பன்னிரண்டு வருடம்
மற்றவர்களின் கொடியையும் தோட்டையும்
உரைத்து, நிறுத்து, உறையிலிட்டிருக்கிறேன்.
படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
தோட்டம், படிப்பு, வெளிநாடு, மருத்துவம்.
எழுதுவதை நான் பெரிதாய் வாசித்ததில்லை.

அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன்.
உள்ளிருந்து ஒருநாளும் தெரியாத நீளக் கீறல் ஒன்று
அந்தப் பக்கமிருந்து தெரிந்தது.
காப்பைக் கழற்றச் சவர்க்காரம் போட வேண்டியிருந்தது.
சுபாங்கினி தராசில் வைத்தாள்.
"மருத்துவம். ஆருக்கக்கா?"
"வீட்டில ஒருத்தருக்கு."
"மாமிக்கோ?"
"இல்லை. சின்ன ஆள்."
அவள் என் வயிற்றை ஒருதரம் பார்த்தாள்.
மேலே ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.
நானும் திருத்தவில்லை.

இரவுகள் குளோரின் தண்ணியால் ஆனவை.
நிலம் துடைத்துத் துடைத்து விரல் நுனி வெந்தது.
மணிக்கொருக்கா ஊசிக்குழாயால் ஒரு சொட்டு ஜீவனி,
அதுவும் கடைவாயால் வெளியே.
சேலைன் போத்தலை யன்னல் கம்பியில் கட்டிவிட்டு
இவர் துளி எண்ணினார்.
இருபத்தொன்று, இருபத்திரண்டு,
தூங்கி விழுந்து, திடுக்கிட்டு,
திரும்ப ஒன்றிலிருந்து.
மூன்றாம் இரவு எண்ணுவதை நிறுத்திச் சொன்னார்:
"இது செத்தால் காசும் போச்சு."
"ஓம்."
"போகட்டும்" என்றார்.
எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
அந்த மற்ற இரண்டு கோட்டின்போது
ஆஸ்பத்திரி விறாந்தையில்
இவருக்கு எண்ண ஒன்றும் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள், விடியமுன்.
"இஞ்ச வா" என்று கத்தினார்,
சண்டைக்குக் கூப்பிடுகிற குரலில்.
நான்தான் ஓடினேன்.
பெயர் வைத்தபிறகும் அதுவும் தலையைத் திருப்பியது,
தன்னைத்தான் கூப்பிடுவதாய்.
மயிர் வழித்த முன்னங்கால் ஒன்று,
நாலு திசைக்குப் போகிற நாலு கால்.
நின்றது.
இப்போதுதான் துடைத்த நிலத்தில்
சலம் விட்டது.

முதல் வட்டி இருபத்துமூன்றாம் தேதி.
காப்பு இருந்த இடம் இன்னும் வெளிறிக் கிடக்கிறது.
டொக்டர் "இன்னும் ரெண்டு நாள் பாப்பம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்.
அந்த மஞ்சள் குட்டை
மெல்ல மேசைக்காலைச் சுற்றி ஓடியது.
இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
துணி எடுக்க ஒருவரும் எழும்பவில்லை.