நான்கு மீட்டர்

புலமைப்பரிசில் கடிதத்தில்
எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது.
மூன்று ஆண்டு மாதப்படி.
விமானச் சீட்டு ஒன்று, போகவர.
கருவிக்குக் காப்புறுதி (எனக்குத் தனியாக).
கடைசிக்கு முந்தின வரி:
கள உதவியாளர் ஒருவர், இருபத்தாறு நாள், தினக்கூலி.

குருமண்வெளித் துறையில் பாதைக்காரன்
பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
'குண்டு தேடுற மிசினோ புள்ள?'
சூளை தேடுறது, என்றேன். பழைய சூளை.
'அதுக்கும் காசு தாறானுகளோ!'
இரண்டு மோட்டார் சைக்கிளுக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவே
இடம் விட்டான்.

முன்மாரி விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம்.
வட்டை வெறுமையாகக் கிடந்தது.
காணிக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று:
'கடைசியில வந்து பலகை நடுவீங்களோ?'
நான் பலகை நடும் ஆள் இல்லை.
அதை எந்தத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டால்
அவர் நம்புவார் என்று தெரியவில்லை.

இந்தக் கருவிக்கு இரும்பு ஆகாது.
கொண்டை ஊசி, பெல்ட், உள்ளாடைக் கொக்கி,
தாலிக்கொடியில் மாமி கோத்துவிட்ட சட்டைப்பின் இரண்டு,
எல்லாம் லஞ்ச்சீற்றில் சுற்றி
மருதமரத்தடியில் வைத்தேன்.
பேரின்பம் அண்ணன் வெறுங்காலோடு வந்து
கயிறு பிடித்தார். நைலோன் கயிறு,
மீட்டருக்கு ஒரு சிவப்பு முடிச்சு.

அவர் கிட்ட வரும்போதெல்லாம் எண் துள்ளியது.
சாரத்தை உதறினார்.
பீடிக்கட்டு. பத்து ரூபாக் குற்றி ஒன்று.
குற்றியை வரம்புக்கு அப்பால் எறிந்துவிட்டு வந்தார்.
துள்ளியது.
பிறகு, மறந்துபோன கடனொன்றைச் சொல்வதுபோல,
'காலுக்குள்ள ஒண்டு கிடக்குகா' என்றார்.
'தொண்ணூறில. டொக்டர் எடுக்க வேணாமெண்டுட்டார்.'

பேராசிரியருக்கு எழுதினேன்.
ஒரு மணித்தியாலத்தில் பதில். அன்பான பதில்தான்.
வேறு உதவியாளரைப் பார்.
அவருடைய ஊரில் அது சுலபம் போலும்.
இங்கே ஐம்பது தாண்டிய ஆண்களில்
யாரிடம் போய்
உங்களுக்குள் ஒன்றும் இல்லையே என்று தொடங்குவது?

அளந்து பார்த்தோம்.
ஒரு மீட்டரில் துள்ளல். இரண்டில் ஒரு சிறு நடுக்கம்.
நான்கில் மண் மட்டும்.
கயிற்றை நான்கு மீட்டர் நீட்டிக் கட்டினேன்.

பதினெட்டாம் நாள் திரையில் சூளை தெரிந்தது,
ஓரம் உடைந்த அப்பளம் மாதிரி.
களிமண் தணலில் வடக்கை மறந்துபோகும் அண்ணன்,
ஆறுகிறபோது
அன்றைக்கு வடக்கு எங்கே இருந்ததோ
அதைப் பிடித்துக்கொள்ளும்.
வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து
சோறு குழைத்தபடி கேட்டார்:
'இரும்பும் அப்படியோ?'
அநேகமாக.
'இது வரேக்க நல்ல சூடு.'
உள்ளுக்குள்தான் ஆறியிருக்கும், என்றேன்.
'நான் அப்ப குப்புறக் கிடந்த.'
கொஞ்சம் யோசித்தார்.
'தலை ஆத்துப் பக்கம்.'
விரலில் பருக்கை காயும்வரை
வேறொன்றும் சொல்லவில்லை.

கடைசி நாள், அவர் கேட்டதால்,
கருவியைத் தொடைக்கு மேலே பிடித்தேன்.
எண்ணை வாசித்தேன்.
'கூடவோ குறைவோ?'
எதோடு ஒப்பிட?
சூளையைவிடக் கூட, என்றேன்.
தலையாட்டினார், பரீட்சை முடிவு கேட்டவர்போல்.
அந்த வாசிப்பு
எந்தக் கட்டத்துக்கும் சேராமல்
கோப்பில் கிடக்கிறது.

கூலிப் பற்றுச்சீட்டில் ஒரு பெட்டி:
பணியின் தன்மை.
'தள்ளி நிற்றல், இருபத்தாறு நாள்'
என்று நிரப்பினேன்.
வாசித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டார்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நிதிப்பகுதி அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறது,
விளக்கம் கேட்டு.