அடைச்சூடு

அருமனை தாண்டி அந்த வளைவில்
எம் சாண்ட் ஏற்றி இறங்கினேன்.
பிரேக் மிதித்தேன். மிதித்ததற்குச் சாட்சி சஜின்.
கருத்த பொட்டக்கோழி.
இறக்கையை விரித்துத்தான் நின்றது,
வண்டியை விரட்டுகிற மாதிரி.

பத்து நிமிஷம் நின்றேன்.
ரப்பர் தோட்டத்துக்குள்ளிருந்து
கேட்டு ஒருவரும் வரவில்லை.
மழைதான் வந்தது.
ஓடைப் புல்லுக்குள் துழாவி
சஜின் பொறுக்கியது ஒன்பது குஞ்சு.
எலுமிச்சம்பழ எடை இல்லை ஒன்றும்.

மட்டிப்பழம் வந்த அட்டைப்பெட்டி,
அடியில் சாக்கு,
அதை எஞ்சின் மூடிமேல் வைத்தேன்.
நாலு மடிப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏறின.
இரண்டு மடிப்பில் ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்தன.
மூன்றில் பரந்து கிடந்து உறங்கின.
பதினாறு வருஷம் ஓட்டியும்
இப்படி ஒரு மீட்டர் நான் பார்த்ததில்லை.

களியக்காவிளையில் நாற்பது லாரி முன்னால்.
அணைத்தேன். டீசல் முதலாளியுடையது.
கால் மணிநேரத்தில் மூடி ஆற
ஒன்பதும் கத்தின.
சாவியைத் திருப்பினேன்.
பெட்டி குடுகுடுவென்று அதிர்ந்ததும்
வாயடைத்தன.
"எவனுக்கு வோய் சூடு காட்டுதீரு?"
பின்வண்டிக்காரன் கேட்டான்.
நான் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

லோடு இறக்கி வீடு வர நடுச்சாமம்.
அறுபது வாட் பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள் றோசிலெட்.
குருணை தூவினாள். பல்பை ஒரு சாண் தாழ்த்தினாள்.
கை வைத்துப் பார்த்தேன், சூடு கணக்குத்தான்.
ஆனாலும் கத்தின.
எனக்குப் புரிந்தது. சொல்ல வெட்கம்.
அவள் அடுக்களைக்குப் போனதும்
பெட்டிக்குள் முகத்தை விட்டு
உதட்டை அதிரவிட்டேன்.
ட்டுர்ர்ர்ர்,
இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறுகிற சத்தம்.
ஒவ்வொன்றாய்க் கண்ணை மூடின.

"ஒமக்கென்ன கிறுக்கா?"
கதவோரம் நின்றவள் சிரிக்கவில்லை.
"தள்ளக்கோழி எப்பிடிச் செத்தது?"
ட்டுர்ர்ர் என்றேன்.

கரண்டு போன ஓர் இரவு ஒன்று விறைத்தது.
நான் பாறசாலைப் பக்கம் லோடில் இருந்தேன்.

இப்போது இறகு முளைத்தாயிற்று, பல்பு வேண்டாம்.
ஆனால் விடியுமுன் நான் சாவியைத் திருப்பினால்
பலாமரத்தடியிலிருந்து எட்டும்
அடித்துப் புரண்டு ஓடி வந்து
முன்டயர் ரெண்டுக்கும் நடுவே நுழைந்து
அப்படியே பதுங்கிவிடும்.
சஜின் டார்ச்சோடு குனிந்து
ஒவ்வொன்றாய் எடுத்து வெளியே விடுகிறான்.
"எட்டு" என்று அவன் சொல்லாமல்
கியர் போடுவதில்லை.

நேற்று ஏழில் நின்றான்.
சேற்றில் படுத்துத் தேடினோம் இருவரும்,
ஆக்சிலுக்கு மேலே, டயர் இடுக்கில்.
முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார்.
கை நடுங்கக் கேபினுக்கு ஏறினேன்.
எட்டாவது
எஞ்சின் மூடிமேல்
எனக்கு முதுகைக் காட்டி
உட்கார்ந்திருந்தது.