மூன்றரை டிகிரி

இந்த வாரப் படம் டெல்ஃபினுடையது.
எண்ணூர் முகத்துவாரம், விடிகாலை ஐந்தே முக்கால்.
பாலத்தின் மேலிருந்து, யாரோ ஹாரன் அடித்த அவசரத்தில்
எடுத்திருக்கிறாள்:
அடிவானம் இடப்பக்கம் சரிந்து
கொசஸ்தலை மொத்தமும்
படத்தைவிட்டு வழிந்துவிடும்போல.

ஒரே படம். ஆளுக்கொரு திருத்தம்.
ஞாயிறு ராத்திரி பத்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.
பரிசு கிடையாது, தோற்றவர் வாங்கித்தரும் அத்தோ உண்டு.
யார் தோற்றார் என்பது இதுவரை முடிவானதே இல்லை,
காசைப் பங்கிட்டுத்தான் தின்கிறோம்.

'சூப்பர்' என்று மட்டும் சொல்லிப்போவது
எங்களிடம் குற்றம்.
எது சூப்பர், எந்த மூலையில், ஏன்
என்று சொல்லிவிட்டுப் போ.

கஜபதி வானத்தைக்
கிச்சிலிப்பழமாகப் பிழிந்துவிட்டிருந்தான்.
"வெயிலும் கிழக்கு, நிழலும் கிழக்கா?
வியாசர்பாடியில ரெண்டு சூரியனாடா?"
என்ற முபீனாதான்
"தண்ணிமேல அந்தச் செம்பு நிறம் இருக்கே,
அதை மட்டும் விட்டுடாதே" என்றாள்.
கஜபதி ஒரு சூரியனை அணைத்தான்.

முபீனாவுடையது கறுப்பு வெள்ளை.
கறுப்பு, அப்புறம் வெள்ளை, அவ்வளவுதான்.
"எண்ணூர்ல போய்ச்
சாம்பலைக் காணோம்னா யாரு நம்புவா?"
இம்தியாஸ் கேட்டதும்
இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் தூவிக்கொண்டு வந்தாள்.
அவன் அனுப்பியதிலோ
புகைக்கூண்டு இரண்டுக்கும் தலை இல்லை.
"கழுத்துல வெட்டாதே.
முழுசா விடு, இல்லாட்டி இடுப்போட நிறுத்து."
இது கஜபதி,
கல்யாண ஆல்பம் போடுகிற அனுபவம்.

நான் கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி கடக்கிற நேரத்தில்
அடிவானத்தை மூன்றரை டிகிரி நிமிர்த்தினேன்.
பாலத்தடி இருட்டை மெல்லத் திறந்தேன்.
மிதந்த பாலித்தீன், குறுக்கே ஒரு கம்பி,
வலப்பக்கம் கீழே தண்ணீரில் ஒட்டியிருந்த
ஒன்பது கறுப்புப் புள்ளி
(லென்ஸைத் துடைக்கவே மாட்டாள் இவள்)
எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு எடுத்தேன்.
கேட் திறந்தபோது
ஆறு பட்டுப்போல் கிடந்தது.

பட்டுதான் என்றார்கள் மூவரும்.
எந்த மூலையில், ஏன் என்றுகூடச் சொன்னார்கள்.
டெல்ஃபின் எழுதுகிறாள் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது.

"அடிவானம் கரெக்டா நிக்குது.
பாலத்துக்கு அடியில
எனக்கே தெரியாத தூண் ஒண்ணு தெரியுது, தேங்க்ஸ்.
ஒரு சின்ன விஷயம்.
கீழே ஒம்போது புள்ளி இருந்துச்சே,
அது தூசி இல்ல, தலை.
எறா தடவுறவங்க.
கழுத்தளவுத் தண்ணி, கை ரெண்டும் சேத்துல,
பறி பல்லுல.
மூணாவது எங்க சித்தி."

பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை
வைத்திருந்தாள், நான் சங்கடப்படக் கூடாதென்று.

செய்ததை ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
ஒரு தலை மேலே வந்தது.
இன்னொன்று.
இத்தனை நேரம் மூச்சடக்கி
உள்ளே இருந்ததுபோல்
ஒன்பதும் வந்தன.
கூடவே பாலித்தீனும் வந்தது, இருக்கட்டும் என்று விட்டேன்.

நானூறு மடங்கு பெரிதாக்கினால்
எல்லாம் சதுரம் சதுரமாக உடைகிறது.
ஆனாலும் மூன்றாவது தலையின் வாயருகே
வெளுப்பாய் ஒரு கீற்று.
பறியின் கயிறாக இருக்க வேண்டும்.
அங்கே மட்டும் வெளிச்சத்தை
ஒரு பொட்டு ஏற்றி அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது:
"இப்ப சரி. ஆனா ஏத்தினது ஜாஸ்தி.
சித்தி அவ்ளோ செவப்பு இல்ல."

குறைத்தேன்.
மணி பத்து பன்னிரண்டு.
பீச் ஸ்டேஷன் எதிரே
ஐந்து தட்டு அத்தோ, என் கணக்கில்.