நூற்றிருபது டிகிரி

கடல் தடுப்புக் கரைமேல், இரவு இரண்டு மணி.
ஸீலாந்துக் காற்று
கொட்டிய கலவையின் ஆவியைக்
கிழித்துக்கொண்டு போகிறது.

நூற்றிருபதுதான், என்கிறாள் ஃபாதிமே,
தாரில் செருகிய வெப்பமானியை உருவி.
போன வருடம் இதே வேலை நூற்றெழுபது.
முகமூடியைக் கழற்றலாம், கிரைன்.

தார் என்றும் சொல்லக் கூடாதாம் இனி.
பாதிக்குப் பாதி மரம்:
காகித ஆலை வேண்டாமென்று கழித்த பசை.
எங்கோ ஒரு பைன் மரத்தை
அத்தனை புயலிலும் நிற்கவைத்தது,
இங்கே படுத்துக்கொள்ளப் பழகுகிறது.

கிரைன் கழற்றவில்லை.
இருபத்தாறு வருடத் தார்
அவன் நெஞ்சுக்குள் போட்ட சாலையில்
இருமலின் போக்குவரத்து ஓய்ந்ததே இல்லை.

உருளை ஓட்டும் யோஸ்ட் கேட்கிறான்:
உப்பு மழைக்குத் தாங்குமா?
ஏழு குளிர்காலம் போகட்டும், சொல்கிறேன்.
பொய் சொல்ல வராத பொறியாளர்.
ஏழில் கிரைனுக்கு ஓய்வு வந்துவிடும்,
அல்லது வேறேதாவது.

மூன்றரைக்குக் காப்பி.
வேறு வழியில்லாமல் முகமூடி இறங்கியது.
மூச்சை இழுத்தான்.
மழையில் நனைந்த மர அறுவைப் பட்டறை.
கொஞ்சம் கருகிய வனிலா.
இன்னொரு முறை இழுத்தான்.
இன்னொரு முறை.
காப்பி ஆறிப்போனது.

காலையில் வீட்டு நாய்
இது யாரென்று குரைக்கப்போகிறது.

விடிந்ததும் தடுப்புகளை நீக்கினார்கள்.
புதுச் சாலையில் முதலில் ஏறியது
சிப்பி மூட்டைகளோடு ஒரு கிழட்டு டீசல் லாரி,
கரும்புகையைக் காறித் துப்பியபடி.

ஃபாதிமே சிரித்துவிட்டாள்.
கிரைன்
முகமூடியை மேலேற்றிக்கொண்டான்.