மூன்றாம் சனல்

1983 யூலை என்று எழுதிவிட்டுப்
பேனையை வைத்தேன்.
யப்பானில் அந்த மாதம்
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு பெட்டி
கடைக்கு வந்தது. உண்மைதான்.
ஆனால் ஆரையம்பதியில் இருந்துகொண்டு
அந்த மாதத்தை எழுதினால்
வாசிப்பவர் வேறெங்கோ போய்விடுவார்.
அடித்தேன்.
மாரிக்கு முந்திய ஒரு மாதம் என்று போட்டேன்.
அதையும் அடித்தேன்.

வீட்டு விளையாட்டுப் பெட்டிகளின் வரலாறு,
அத்தியாயம் மூன்று.
மூன்றாம் தலைமுறை என்கின்றன புத்தகங்கள்.
எங்களிடம் வந்தபோது அது
குவைத்தில் ஒரு பையனுக்குச் சலித்திருந்தது.
அடிப்பக்கத்தில் ஆணியால் கீறிய அரபு எழுத்து.
அவன் பெயர் என்றே நினைத்திருந்தோம்.
காத்தான்குடி நபீல் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்:
"தொடாதே எண்டு எழுதியிருக்கு."

97 மாசி, புணானை.
பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள்.
அக்கா தவலோஜினி
இரண்டு வருடக் கூலியை
மூன்று பைகளாய் இறக்கினாள்.
இரண்டாவது பையில்,
பாவாடைக்குள் சுற்றி, ஒரு துவக்கு.
பிளாஸ்டிக்தான். ஆனால் கறுப்பு.
வரிசை அசையவில்லை.
அதைத் தூக்கியவனுக்கு
மீசை இன்னும் சரியாய் முளைக்கவில்லை.
குழாய்க்குள் ஒரு கண் வைத்துப் பார்த்தான்.
பெட்டியைப் பார்த்தான்.
"தாராவா?" என்றான்.
அவன் பாஷையில் அது பறவையின் பெயர்.
எங்கள் பாஷையில் அது ஒரு கேள்வி.
ஓம் என்றாள் அக்கா,
இரண்டுக்கும் சேர்த்து.

இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன்:
அந்தத் துவக்கிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை.
விசையை இழுத்தால்
திரை ஒரு கணம் கறுக்கும்,
பறவை இருந்த இடம் மட்டும்
வெள்ளைச் சதுரமாகும்.
துவக்கு அதைப் பார்க்கும்.
வெளிச்சம் பட்டால் விழுத்தும்,
படாவிட்டால் பறக்க விடும்.
சுடுகிற சாமானைக் கண்ணாய்ச் செய்தவர்களைப் பற்றி
ஒரு பக்கம் எழுதினேன்.
இந்த அத்தியாயத்தில் கொஞ்சம் நல்ல பக்கம் அதுதான்.

மற்றதெல்லாம் விபரம்.
நூறு வோல்ற் அடாப்டர் முதல் இரவே புகைந்தது.
நபீல் வேறொன்று சுற்றித் தந்தார்,
காசு பாதி, கடன் பாதி.
கரண்ட் நின்ற இரவுகள் போக
மிச்ச இரவுகளில் மூன்றாம் சனல்.
யப்பான் பெட்டியின் நிறம்
எங்கள் ரீவிக்கு விளங்கவில்லை;
எல்லாமே கறுப்பு வெள்ளை.
வானம் பச்சை என்றான் தம்பி கோகுலன்.
வானம் எப்படியடா பச்சை என்று
சட்டை கிழிய அடிபட்டோம்.
2011இல் கொழும்பில் ஒரு கடைக் கண்ணாடிக்குள்
அதே விளையாட்டு, நிறத்தோடு.
நீலம்.
அவனுக்குச் சொல்லக் கிடைக்கவில்லை.

அக்கா ஒரே ஒருநாள் விளையாடினாள்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
"இஞ்ச தா மனே" என்று வாங்கி
இடக்கண்ணை மூடினாள்.
பத்துப் பறவை,
பத்தும் விழுந்தன.
அடுத்த சுற்றில் வேகம் கூடியது.
அதிலும் ஒன்று தப்பவில்லை.
எங்கே பழகினாய் என்று கேட்டோம்.
"அவங்க நித்திரையானாப் பிறகு"
என்றவள் துவக்கை என் மடியில் போட்டுவிட்டு
சோறு வடிக்கப் போனாள்.

பதிப்பாசிரியர் கடிதம் எழுதியிருக்கிறார்:
மட்டக்களப்புக்கு இந்த இயந்திரம்
வந்து சேர்ந்த ஆண்டு எது,
ஆதாரம் ஏதும் உண்டா என்று.
அடிப்பக்கத்தைப் படம் எடுத்து
அனுப்பியிருக்கிறேன்.