எழுபத்தாறு பல்

எழுபத்தாறு பல்.
நடுவில் அல்ல, இடப்பக்கம் தள்ளி ஒரு வெட்டு.
உலகத்தில் வேறெவரும் அப்படி வெட்டவில்லை.
தன் கணினிக்குத் தன் அட்டைதான் என்று
பிடிவாதம் பிடித்த கம்பெனி
தொண்ணூற்றாறில் மூழ்கியது.
பிடிவாதம் மட்டும் என் மேசைமேல் இருக்கிறது.

பதினொரு வருஷம்.
ப்ர்னோவின் ஞாயிற்றுச் சந்தையில்
காய்கறிபோல நிறுத்து விற்கும் நினைவக அட்டைகளை
நகத்தால் பல் எண்ணிப் பார்த்தேன்.
எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. முப்பது.
தங்கத்துக்காக அட்டை உருக்கும் ஓல்ட்ரிஹ்
"ஒன்று வந்தது, போன மார்ச்சில்,
அமிலத்தில் போட்டேன்" என்றார்,
பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல.

பிறகு த்ர்னாவாவிலிருந்து ஒரு கடிதம்.
லியுபிட்சா.
அட்டை அவளிடம். கணினி இல்லை.
விலை கேட்டேன்.
அவளும் விலை கேட்டாள், என் கணினிக்கு.

இரண்டும் ஒரே அலுவலகத்துச் சாமான்.
நாடு இரண்டானபோது
இரண்டு பங்கு இங்கே, ஒரு பங்கு அங்கே என்று
நாற்காலி வரைக்கும் பிரித்தார்கள்.
கணக்கு நேராகவில்லை என்று
யாரோ ஒரு குமாஸ்தா திருப்புளி எடுத்து
அட்டையைக் கழற்றி ஒரு பொருளாக எழுதிக்கொண்டாராம்.
அந்தக் குமாஸ்தா தான்தான் என்று
மூன்றாவது கடிதத்தில் சொன்னாள்.

இருவரும் விற்கவில்லை.
பாதி வழியில், பிர்ஜெட்ஸ்லவ் ஸ்டேஷன் கேன்டீனில்
ஐஸ்கிரீம் பெட்டியின் பிளக்கைப் பிடுங்க
கௌன்டர்ப் பெண் பத்து நிமிஷம் கொடுத்தாள்.
அட்டையை ஊதி, கட்டைவிரலால் அழுத்தினாள் லியுபிட்சா.
ஏறியது. கிளிக் என்று
அத்தனை சின்னச் சத்தம்.

திரையில் எண் ஓடத் தொடங்கியது
640
1024
2048
"எதுவரை போகும்?" என்று எட்டிப் பார்த்தாள் கௌன்டர்ப் பெண்.
நாலாயிரத்துச் சொச்சத்தில் நின்று ஒரு பீப்.
அதற்குமேல் என்ன செய்வதென்று
நாங்கள் இருவரும் யோசித்து வந்திருக்கவில்லை.
பொரித்த சீஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.
ஐஸ்கிரீம் உருகத் தொடங்கியிருந்தது.

நாலு பன்னிரண்டுக்கு அவள் ரயில்.
கழற்றி, வெள்ளித் தாளில் சுற்றி,
கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

இரவு வீட்டில் கணினியைப் போட்டேன்.
நினைவகம் குறைந்திருக்கிறது, சரிதானா என்று
நடுவழியில் நின்று கேட்டது.
அதைப் படம் பிடித்து லியுபிட்சாவுக்கு அனுப்பினேன்.
அந்தப் படம் மட்டும் ஐந்து மெகாபைட்.
அட்டையில் இடம் போதாது.