தனிக்கல்

இந்த ஊரை மைதாவால்தான் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.
காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி,
அண்ணனை வாழ்த்தும் தம்பிமார் பன்னிரண்டு பேர்,
யானைக்கல் சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாய்
விரற்கடை கனத்துக்கு.
ஓரத்தைப் பிய்த்துத் தின்கிற மாட்டுக்குக்கூட
அது செரிக்கிறது.

எனக்குத்தான் எதுவும் ஒட்டவில்லை.
ஆறு வருஷம் இரும்பு மாத்திரை,
ரத்தம் ஏழைத் தாண்டவில்லை.
"புருஷன் புரோட்டா மாஸ்டர், பொண்டாட்டி ஈர்க்குச்சி"
செராக்ஸ் எடுக்க வரும் வக்கீல் குமாஸ்தாவரைக்கும் சிரித்தாயிற்று.
இரவு ஒரு மணிக்கு
இடுப்பில் சூடு ஆறாமல் அவர் கொண்டுவரும் பொட்டலம்,
பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றி ஒரே தட்டில்.
கல்யாணம் என்பது அதுதான் என்று நினைத்திருந்தேன்.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா
சீட்டில் எழுதினார்: சீலியாக்.
குடலுக்குள் நாற்றங்கால் மாதிரி நிற்க வேண்டுமாம்.
எனக்கு அறுத்துப்போட்ட வயல்.
கோதுமை, மைதா, ரவை, சேமியா,
ஆயுசுக்கும் கூடாது, தூசிகூட.
"வீட்டுக்காரர் என்ன வேலை?"
சேவுகன் தன் கையைப் பார்த்தார்.
மணிக்கட்டு மயிரில் வெள்ளை.

பெருங்காயத்திலும் மைதா இருக்குமென்று
அதற்கப்புறம்தான் தெரியும்.
டப்பாவின் முதுகில் எறும்பு எழுத்தில் இருந்தது.
எத்தனை வருஷ ரசம்!
இப்போது பூண்டை நம்பிக் கொதிக்கிறது.

மேலூர்க் கல்யாணத்தில் சின்னத்தை
கேசரியை வாயிலேயே திணித்தாள்.
"ஒரு வாய்க்கு என்னடி ஆகிப்போகும்?"
நாலு நாள் ஆகிப்போனது.

பட்டினி என்று நினைத்துவிடாதீர்கள்.
கீழமாசி வீதியில் வாங்கிய குதிரைவாலியைத் தட்டில் பரப்பி
வழி தவறி வந்த கோதுமை மணியைப்
பேன் பார்ப்பதுபோல் பார்த்து எடுப்பேன்.
அயிரை மீன் குழம்பு கண்டால்
சோற்றுக்குக் கணக்கில்லை.
இடியாப்பத்துக்குக் குடல் குழம்பு,
குடல் கெட்டவளுக்குக் குடல் குழம்பா என்று
நானே சிரித்துக்கொண்டு இரண்டாம் முறை ஊற்றுவேன்.
நாலாம் மாதம் வளையல் கழற்ற வரவில்லை.
அதை அவர்தான் முதலில் பார்த்தார்.

பார்த்தாரே தவிர
தொடப் பயந்தார்.
கடைக்குப் பின்னால் குழாயடியில்
சீயக்காய் போட்டுத் தேய்த்து,
நகத்தைச் சதை தெரிய வெட்டி,
லுங்கி பனியனைப் பையில் கட்டி வெளியிலேயே மாட்டிவிட்டு
வாசலில் கை விரித்து நிற்பார்,
போலீஸ் சோதனைக்கு நிற்பவர் மாதிரி.
நான் காதுமடல்வரை மோந்து பார்த்து
"ம்" என்றால்தான் உள்ளே வருவார்.
சில ராத்திரி
"ம்" சொல்லக் கொஞ்சம் தாமதிப்பேன்.

தெற்குவாசலில் புதுக் கல் ஒன்று வாங்கினார்.
வெங்காயமும் எண்ணெயுமாய் மூன்று நாள் பழக்கினார்.
வேறு யாருக்கும் அதில் ஒரு முட்டைகூட ஊற்றுவதில்லை.
"கல்லுக்குமாப்பா தீட்டு?" என்றாராம் முதலாளி.
"ஆமா" என்றுவிட்டு வந்தாராம்.
விளக்கமெல்லாம் சொல்கிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிதோசை.
அரிசி மாவு கனமாய், மேலே முட்டை,
அதன்மேல் மிளகு தூக்கலாய்க் கொத்துக்கறி,
திருப்பிப் போடும்போது
ஊருக்கெல்லாம் புரோட்டா அடிக்கிற அந்தத் தோள்
எனக்கு மட்டும் மெதுவாய் வளையும்.
ஒரே தட்டு. மறுபடியும்.

ஒரு மனக்குறை அவருக்கு உண்டு.
"என் கைவித்தை உனக்கு ஆகலையே மீனா."
நான் பதில் சொல்வதில்லை, மென்றுகொண்டிருப்பேன்.

விடியக்காலையில் தூக்கத்தில் அவர் கை வீசுகிறது.
எட்டுக்கு எட்டு அறையில்
ஒரு மாவு விரிந்து, மெலிந்து, கண்ணாடியாகி
என்மேல் வந்து விழுகிறது.
போர்த்திக்கொள்கிறேன்.
இதில் மைதா இல்லை.